டொர்னடோ பாதையில ஒரு பயணம்: கிரீன்ஸ்பர்க்ல இருந்து லப்பக் வரைக்கும்

புதன், கிரீன்ஸ்பர்க், கான்சஸ்

ரொம்ப நாளா மனசுல இருந்த பயணம் இது. டொர்னடோவ துரத்திட்டு போற பயணம் இல்ல, அதுக்குன்னு தனியா டூர் கம்பெனிங்க இருக்கு. டொர்னடோ வரப்போகுதுன்னு முன்னாடியே சொல்றதுக்கு ஒரு அரசாங்கம் எப்படி கத்துகிச்சு, யாரு காசு போட்டாங்க, எத்தன வருஷம் பொறுமையா இருந்தாங்க, இதையெல்லாம் நடந்த எடத்துலயே நின்னு பாக்கணும்னு ஆசை. மச்சான் கார் ஓட்டறான், நான் பக்கத்துல உக்காந்து டைப் பண்றேன், தினமும் ராத்திரி போஸ்ட் போட்டுடறேன்.

விச்சிட்டால கார் எடுத்து மேற்கால 110 மைல் கிட்ட. ரெண்டு பக்கமும் வயல், வானம், அவ்ளோதான். கிரீன்ஸ்பர்க் சின்ன ஊரு, 2007-ல ஒரு 1400 பேர் இருந்தாங்க. அந்த வருஷம் மே 4 ராத்திரி 9.45 போல வந்த டொர்னடோ ஊர விட அகலமா இருந்துச்சு, ஒரு 1.7 மைல். ஊர்ல 95 சதவீதம் போச்சு. சேதத்த வச்சு டொர்னடோவ அளக்கற இஎஃப் அளவுகோல்ல உச்சமான இஎஃப்-5 ரேட்டிங் வாங்கின முதல் டொர்னடோ இதுதான், ஏன்னா அந்த புது அளவுகோல் நடைமுறைக்கு வந்தே மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு.

இப்ப ஊருக்குள்ள போனா மரமெல்லாம் சின்னச் சின்னதா இருக்கு, கட்டடமெல்லாம் புதுசு, பழசுன்னு ஒண்ணும் கண்ணுல படல. பிக் வெல் மியூசியம் போனோம், 1888-ல ஆளுங்க கையாலயே தோண்டி முடிச்ச 109 அடி ஆழக் கிணறு, அதுக்கு மேலயே டொர்னடோ கதையையும் வச்சு மியூசியம் கட்டியிருக்காங்க. அங்க இருந்த ஃபோட்டோவெல்லாம் பாத்துட்டு மச்சான் கேட்டான், "ஏன்டா, ஊரே தரைமட்டமா கெடக்கு, செத்தது 11 பேர்னு போட்டிருக்கான், எப்படிடா?" அந்தக் கேள்விக்குத்தான் இந்த பயணமே. அந்த டொர்னடோ ஊருக்குள்ள வர்றதுக்கு ஒரு 20 நிமிஷம் முன்னாடியே சைரன் அடிச்சுட்டாங்க. டாட்ஜ் சிட்டில இருக்கற தேசிய வானிலை சேவை ஆபீஸ் சாதாரண வார்னிங்க தாண்டி 'டொர்னடோ எமர்ஜென்சி'னே அறிவிச்சுது. ஜனங்க பேஸ்மென்ட்டுக்குள்ள போயிட்டாங்க. அந்த 20 நிமிஷம் சும்மா வந்துடல, அது எங்கிருந்து வந்துச்சுன்னு நாளைல இருந்து பாக்கலாம்.

ஊர திரும்பக் கட்டினதுலயும் மத்திய அரசோட கை இருக்கு. பேரிடர் உதவி பாக்கற மத்திய அரசு அமைப்பான ஃபீமா வந்துச்சு, எரிசக்தித் துறையோட தேசிய ஆய்வகத்துக்காரங்க வந்து கூடவே உக்காந்து பிளான் போட்டுக் குடுத்தாங்க, அதனாலதான் அரசு கட்டடமெல்லாம் கரெண்ட் செலவு கம்மியாகற மாதிரி கட்டியிருக்கு, ஊருக்கு வெளிய கரெண்ட் எடுக்கற 10 காத்தாலை நிக்குது. ஆனா போன ஜனம் முழுசா திரும்பி வரல, இப்ப பழைய மக்கள்தொகைல பாதி சொச்சம்தான்.

வியாழன், ஓக்லஹோமா சிட்டி

இன்னிக்கு பூரா ரோடு. சாயங்காலம் டிங்கர் விமானப்படைத் தளம் பக்கம் போயிட்டு வந்தோம். உள்ள விடமாட்டாங்க, தெரியும், வெளிய ரோட்டுல இருந்து பாத்ததே போதும். ஏன்னா அமெரிக்கால நவீன டொர்னடோ முன்னறிவிப்பு பொறந்த எடம் இது.

1948 மார்ச் 20 ராத்திரி இந்த தளத்துல டொர்னடோ வந்து விமானங்கள நொறுக்கிட்டு போச்சு, ஒரு கோடி டாலருக்கு மேல நஷ்டம், அந்தக் காலத்து காசுல. மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷ், கேப்டன் ராபர்ட் மில்லர்னு ரெண்டு வானிலை அதிகாரிங்க. இனிமே இத முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு ஆராயச் சொல்லி மேல இருந்து உத்தரவு. அவங்க பழைய வானிலை சார்ட் எல்லாத்தையும் எடுத்து வச்சு, டொர்னடோ வந்த நாள்ல எல்லாம் மேல்காத்து எப்படி இருந்துச்சு, ஈரப்பதம் எங்க இருந்து வந்துச்சுன்னு தேடினாங்க. அஞ்சே நாள்ல, மார்ச் 25 அன்னிக்கு, அதே மாதிரி சார்ட் மறுபடி கண்ணு முன்னாடி. ஒரு குறிப்பிட்ட எடத்துல ஒரு குறிப்பிட்ட நாள்ல டொர்னடோ வரும்னு சொல்றது அப்ப யாரும் செய்யாத வேலை. ஜெனரல் ஃப்ரெட் போரம் நேரா கேட்டாரு, மதியம் 3 மணி வாக்குல அறிவிப்பு போச்சு, விமானத்த எல்லாம் உள்ள தள்ளினாங்க, ஆளுங்கள பத்திரமான எடத்துக்கு மாத்தினாங்க. 6 மணிக்கு டொர்னடோ நேரா தளத்துக்குள்ளயே வந்துச்சு. ஒரு உயிர் போகல.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், இது திடீர்னு வந்த ஞானம் இல்ல. 1880-கள்லயே ராணுவ சிக்னல் படைல ஜான் ஃபின்லின்னு ஒருத்தர் டொர்னடோ கணிப்பு பண்ணிப் பாத்தாரு. அப்புறம் மேலிடத்துல, அந்த வார்த்தைய அறிவிப்புல போட்டா ஜனங்க பீதில ஓடுவாங்கன்னு தடுத்துட்டாங்க, அந்த தயக்கம் 1950 வாக்குலதான் முழுசா தீந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டு தலைமுறை பேசாமலே போச்சு. அரசாங்கம் பணம் போட்டா மட்டும் போதாது, கெடச்ச பதில வெளிய சொல்ற தைரியமும் வேணும்னு இத படிக்கும்போதெல்லாம் தோணும்.

வெள்ளி, நார்மன்

இன்னிக்கு போஸ்ட் நீளம், பொறுத்துக்கோங்க.

ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துல நேஷனல் வெதர் சென்டர்னு 2006-ல தொறந்த பெரிய கட்டடம் இருக்கு. டூர் இருக்கு, ஆனா முன்கூட்டியே புக் பண்ணணும், வார நாள்ல போறது நல்லது. ஒரே கூரைக்கு கீழ பல்கலைக்கழக மாணவங்க, உள்ளூர் வானிலை ஆபீஸ், நாடு முழுக்க பாக்கற புயல் கணிப்பு மையம், அப்புறம் கடும் புயல்கள ஆராயற அரசு ஆய்வகமான நேஷனல் சிவியர் ஸ்டார்ம்ஸ் லேபரட்டரி, சுருக்கமா என்எஸ்எஸ்எல். ஆராய்ச்சி பண்றவனும் அத தினமும் உபயோகிக்கறவனும் ஒரே கேன்டீன்ல சாப்பிடறாங்க. கணிப்பாளர் "உன் புது டூல் அவசரத்துல லாயக்கில்ல"னு மூஞ்சிக்கு நேரா சொல்லலாம், அடுத்த மாசம் அது மாறி வரும். இதுக்குன்னே ஒவ்வொரு வசந்தத்துலயும் கணிப்பாளர்களையும் விஞ்ஞானிகளையும் ஒண்ணா உக்கார வச்சு டெஸ்ட் பண்றாங்க.

புயல் கணிப்பு மையத்த கண்ணாடி வழியா பாத்தோம். 1997-ல கான்சஸ் சிட்டில இருந்து இங்க மாத்தினது. நாட்டோட 48 மாநிலத்துக்கும் டொர்னடோ வாட்ச் போடறது இங்க இருக்கற கையளவு ஆளுங்கதான், எட்டு நாள் முன்னாடி வரைக்கும் அபாயம் எங்கன்னு மேப் வரையறாங்க. வாட்ச்னா சூழ்நிலை கூடி வருது, தயாரா இருங்கன்னு அர்த்தம். வார்னிங் போடறது அந்தந்த ஊர் ஆபீஸ், நாடு முழுக்க 122 இருக்கு, அதுனா ரேடார்லயோ கண்ணாலயோ பாத்தாச்சு, உடனே ஒளிங்க.

என்எஸ்எஸ்எல் 1964-ல ஆரம்பிச்சது. சம்பளம், ரேடார், வண்டி எல்லாமே வரிப்பணம். அவங்க ஆட்களும் தேசிய அறிவியல் அறக்கட்டளை காசுல வந்த பல்கலைக்கழகங்களும் சேந்துதான் 1994, 95-ல வோர்டெக்ஸ்னு ஒரு பெரிய கள ஆய்வு நடத்தினாங்க, 2009, 10-ல ரெண்டாவது, நூறு பேருக்கு மேல, டஜன் கணக்குல வண்டியோட. அதுல தெரிஞ்ச முக்கியமான விஷயம் என்னன்னா, மேல நல்லா சுத்தற பெரிய மேகம் இருந்தாலும் பாதிக்கு மேல டொர்னடோ ஆகறதே இல்ல. எது ஆகும் எது ஆகாதுன்னு பிரிக்கறதுதான் இன்னிக்கும் கஷ்டமான கேள்வி. வார்னிங் போட்டதுல நாலுல மூணு கிட்ட டொர்னடோ வராமலே போறதுக்கு காரணமும் அதுதான். ஒருத்தன் ரெண்டு தடவ பேஸ்மென்ட்டுக்கு ஓடி ஒண்ணும் வரலன்னா மூணாவது தடவ டிவிய பாத்துட்டு உக்காந்திருப்பான், அவன திட்ட முடியாது.

இப்ப இருக்கற ரேடார் சுத்தி சுத்தி வானத்த ஒரு தடவ முழுசா பாக்க நாலஞ்சு நிமிஷம் எடுக்கும். அதுக்குள்ள டொர்னடோ பொறந்து செத்தே போகலாம். அதனால கடற்படை கப்பல்ல இருந்த, சுத்தாமலே அலைய திருப்பற ஃபேஸ்டு அரே ஆன்டெனாவ வாங்கி 2003-ல இருந்து இங்க டெஸ்ட் பண்ணினாங்க, அது ஒரு நிமிஷத்துக்குள்ள பாத்துடும். 2016-ல அத கழட்டிட்டு, அப்புறம் புதுசு ஒண்ணு வச்சு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, நாட்டுக்கு அது வந்து சேரல. கடைல வாங்கற சாமான் இல்ல இது, இப்படித்தான் நேரம் எடுக்கும்.

இங்கதான் எனக்கு வயிறு எரியுது. 2025-ல, அடுத்த நிதியாண்டுக்குன்னு வெள்ளை மாளிகைல இருந்து வந்த பட்ஜெட் முன்மொழிவுல, வானிலை சேவையும் இந்த லேபும் அடங்கின அரசு அமைப்பான நோவாவோட ஆராய்ச்சிப் பிரிவையே தனிப் பிரிவா இல்லாம ஆக்கிடணும், ஆய்வகங்களுக்கு காச நிறுத்தணும்னு இருந்துச்சு, அந்த லிஸ்ட்ல இந்த லேபும் இருந்துச்சு. அந்த வருஷ ஆரம்பத்துலயே வானிலை சேவைல நூத்துக்கணக்கானவங்க வேலைய விட்டு போயிட்டாங்க, சில ஆபீஸ்ல ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஆள் பத்தல. முன்மொழிவு வேற, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கற காசு வேற, அது எனக்கும் தெரியும். ஆனா 30 வயசு விஞ்ஞானி ஒருத்தன் அடுத்த வருஷம் வேலை இருக்குமோ இருக்காதோன்னு உக்காந்திருந்தா அவன் பத்து வருஷ ஆராய்ச்சிய எப்படி ஆரம்பிப்பான். லேப் மூடறதுக்கு முன்னாடியே ஆளுங்க போயிடுவாங்க.

சனி, மூர்

நார்மனுக்கும் ஓக்லஹோமா சிட்டிக்கும் நடுவுல ஐ-35 மேலயே இருக்கற ஊரு. சரியா மதியம் 12 மணிக்கு சைரன் அடிச்சுது, மச்சான் பதறிட்டான். இந்தப் பக்கம் சனிக்கிழமை மதியம் சைரன் டெஸ்ட் பண்றது வழக்கம். கடைல இருந்தவங்க யாரும் தலையக்கூட தூக்கல.

1999 மே 3. பிரிட்ஜ் க்ரீக்ல இருந்து மூர் வழியா போன எஃப்-5 (இஎஃப்-க்கு முந்தின எஃப் அளவுகோல்ல உச்சம்). 36 பேர் செத்தாங்க. ட்ரக்குல வச்ச, காத்தோட வேகத்த அளக்கற டாப்ளர் ரேடார் காத்து வேகம் மணிக்கு 300 மைலுக்கு மேலன்னு அளந்துச்சு. அன்னிக்கு நார்மன் ஆபீஸ்லதான் 'டொர்னடோ எமர்ஜென்சி'ங்கற அறிவிப்பு முதல் தடவையா எழுதப்பட்டது, ரூல் புக்ல இல்லாததுதான், இவ்ளோ பெருசு ஊருக்குள்ள வருதுன்னு எப்படி சொல்றதுன்னு அந்த நேரத்துல எழுதினது. எட்டு வருஷம் கழிச்சு கிரீன்ஸ்பர்க்குக்கு போனது இதே அறிவிப்புதான்.

2013 மே 20, மறுபடி மூர், இஎஃப்-5. 2.40-க்கு வார்னிங், 2.56-க்கு டொர்னடோ தரைய தொட்டுச்சு, ஊருக்குள்ள வர இன்னும் நேரம் இருந்துச்சு. அப்படியும் 24 பேர் போயிட்டாங்க, அதுல ஏழு பேர் பிளாசா டவர்ஸ் பள்ளிக்கூடத்து குழந்தைங்க. அந்த பள்ளி வாசல்ல நின்னோம். ஃபோட்டோ எடுக்கல. வார்னிங் சரியா வந்துச்சு, குழந்தைங்களுக்கு போக எடம் இல்ல. புது கட்டடத்துல பாதுகாப்பு அறை கட்டியிருக்காங்க. மூர் நகராட்சி 2014-ல வீடு கட்டற விதிய மாத்தி 135 மைல் காத்துக்கு தாங்கணும்னு போட்டுச்சு, அதுக்கு முன்னாடி 90 தான். நாட்டுலயே அப்படி செஞ்ச முதல் ஊரு. கூரைக்கும் சுவருக்கும் இரும்பு பட்டை, ஆணி நெருக்கமா, கராஜ் கதவு உறுதியா, பெரிய செலவெல்லாம் இல்ல. மத்த ஊர்க்காரங்க ஏன் இன்னும் யோசிக்கறாங்கன்னு சத்தியமா புரியல.

மாநில அரசு மூலமா ஃபீமா காசு வச்சு வீட்டுல சேஃப் ரூம் கட்டறவங்களுக்கு ஒரு பகுதி செலவ திருப்பித் தர்ற திட்டமும் ஓக்லஹோமால இருக்கு, குலுக்கல் மாதிரி, விண்ணப்பிக்கறவங்க எல்லாருக்கும் கெடைக்காது. வாடகை வீட்டுக்காரங்க, மொபைல் ஹோம்ல (ஃபேக்டரில செஞ்சு கொண்டு வந்து வைக்கற லேசான வீடு) இருக்கறவங்க என்ன பண்றதுன்னு யோசிச்சா அங்கதான் ஓட்டை. டொர்னடோல சாகறவங்கள்ல மொபைல் ஹோம்காரங்க அவங்க எண்ணிக்கைக்கு ரொம்பவே அதிகம், அதுவும் அலபாமா, மிசிசிப்பி பக்கம், ராத்திரி வர்ற டொர்னடோ, மரமும் மலையும் மறைக்கும், ஒண்ணும் தெரியாது. அதனாலதான் வோர்டெக்ஸ் ஆய்வ 2015-க்கு மேல தென்கிழக்குக்கும் கொண்டு போனாங்க, ஜனங்க ஏன் நகர்றாங்க, ஏன் நகர மாட்டேங்கறாங்கன்னு கேக்கற சமூகவியல்காரங்களையும் சேத்து.

ஞாயிறு, யூனியன் சிட்டி, எல் ரீனோ, எல்க் சிட்டி

காலைல யூனியன் சிட்டி. ஒரு தெரு, ரெண்டு கடை, ஞாயித்துக்கிழமைங்கறதால எல்லாம் மூடியிருந்துச்சு. டூரிஸ்ட் யாரும் வரமாட்டாங்க, ஆனா எனக்கு இந்த பயணத்துலயே முக்கியமான எடம். 1973 மே 24 இந்த ஊர டொர்னடோ அடிச்சப்ப, என்எஸ்எஸ்எல் ஆளுங்க கீழ நின்னு பொறந்ததுல இருந்து சாகற வரைக்கும் படம் புடிச்சாங்க, நார்மன்ல இருந்த அவங்க டாப்ளர் ரேடார் அதே நேரம் மேகத்துக்குள்ள பாத்துட்டு இருந்துச்சு. அப்புறம் டேட்டாவ உக்காந்து பிரிச்சப்ப, பக்கத்து பக்கத்துல காத்து எதிரெதிர் திசைல பாயற அடையாளம் தெரிஞ்சுது, அதுவும் டொர்னடோ தரைக்கு வர்றதுக்கு முன்னாடியே மேல இருந்துச்சு. அதாவது முன்கூட்டியே சொல்ல முடியும்.

இப்ப கணக்கு போடுங்க. 1973-ல கண்டுபிடிப்பு. 1977-ல இருந்து 79 வரைக்கும் வானிலைத் துறையும் விமானப்படையும் சேந்து இது நெஜமா உதவுமான்னு சோதிச்சாங்க. 1980-கள் பூரா டிசைன், கான்ட்ராக்ட். 1990-கள்ல நாடு முழுக்க டாப்ளர் ரேடார ஒவ்வொண்ணா நிறுவி 1997-ல முடிச்சாங்க, மொத்தம் 160 கிட்ட, வணிகத் துறை, பாதுகாப்புத் துறை, போக்குவரத்துத் துறை மூணும் பங்கு போட்ட காசு. 24 வருஷம்! அதுக்குள்ள எத்தனை அதிபர், எத்தனை காங்கிரஸ். நடுவுல ஒருத்தர் "இதுவரைக்கும் என்ன பிரயோஜனம்"னு வெட்டியிருந்தா 1999-ல மூருக்கு யாரு சொல்லியிருப்பா? எந்த தனியார் கம்பெனியும் 24 வருஷம் காத்திருந்து, கடைசில வர்ற பலன ஊருக்கே இலவசமா குடுக்காது. அதுனாலதான் இது அரசாங்க வேலைன்னு சொல்றேன்.

பக்கத்துலயே எல் ரீனோ. 2013 மே 31, மூர் முடிஞ்சு பதினோரு நாள்ல, 2.6 மைல் அகலம், பதிவானதுலயே பெருசு. எட்டு பேர் செத்தாங்க. அதுல மூணு பேர் டிம் சாமராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங். துடுக்குத்தனமா சுத்தறவங்க இல்ல, அளக்கறவங்க. 2003-ல சவுத் டகோட்டா மான்செஸ்டர்ல டொர்னடோ பாதைல கருவிய வச்சு 100 மில்லிபார் அழுத்தம் எறங்கினத பதிவு பண்ணினவர் அந்த சாமராஸ். அவங்க நினைவா வயல் ஓரத்துல ஒரு கல் இருக்கு, கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தோம். அந்த டொர்னடோல நகரும் ரேடார் 300 மைல் கிட்ட காத்து அளந்தும் ரேட்டிங் இஎஃப்-3 தான், ஏன்னா அளவுகோல் கீழ ஒடஞ்சத வச்சு, வெறும் வயல்ல ஒடைய என்ன இருக்கு. இந்த விவாதம் இன்னும் தீரல.

மதியம் ஐ-40-ல மேற்கால, எல்க் சிட்டில டீசன்டா ஒரு சாப்பாடு. 2017 மே 16 இங்க வந்த டொர்னடோல ஒருத்தர் இறந்தாரு. ஆனா அன்னிக்கு என்எஸ்எஸ்எல்லோட வார்ன்-ஆன்-ஃபோர்காஸ்ட்னு ஒரு சோதனை மாடல், இந்தப் பகுதிக்கு ஆபத்துன்னு ஒரு மணி நேரத்துக்கும் மேல முன்னாடியே காட்டிச்சு, அத வச்சு நார்மன் ஆபீஸ் உள்ளூர் அவசரகால அதிகாரிங்களுக்கு தகவல் குடுத்துச்சு. ரேடார்ல பாத்துட்டு சொல்றது இல்ல இது, இருக்கற மேகத்த கம்ப்யூட்டர்ல ஏத்தி அடுத்த சில மணி நேரத்துக்கு பல விதமா ஓட்டிப் பாக்கறது. அதே வருஷம் காங்கிரஸ் ஒரு வானிலை ஆராய்ச்சி சட்டம் போட்டு, டொர்னடோ வார்னிங்க ஒரு மணி நேரத்துக்கு மேல கொண்டு போகணும்னு குறிக்கோளாவே எழுதிச்சு. ரெண்டு கட்சியும் ஓட்டு போட்ட சட்டம்.

வார்னிங்குக்கும் டொர்னடோவுக்கும் நடுவுல இப்ப சராசரி எவ்ளோ நேரம் தெரியுமா? 2011 வாக்குல 13 நிமிஷம் இருந்துச்சு, அப்புறம் எறங்கி பத்து நிமிஷத்துக்கும் கீழ போச்சு. தப்பு வார்னிங் கொறைக்கணும்னு கவனம் திரும்பினது ஒரு காரணம்னு ஆய்வாளர்களே எழுதியிருக்காங்க.

திங்கள், லப்பக், டெக்சஸ்

நேத்து ராத்திரி லேட்டா வந்து சேந்தோம். 1970 மே 11 இந்த நகரத்து நடுவுல எஃப்-5 வந்து 26 பேர கொண்டு போச்சு. டவுன்டவுன் பக்கம் நினைவிடம் இருக்கு, பேரெல்லாம் பொறிச்சிருக்கு. டொர்னடோ ஆராய்ச்சியாளர் ஃபுஜிட்டா இங்க வந்து தெருத்தெருவா சேதத்த மேப் போட்டாரு, அடுத்த வருஷம் எஃப் அளவுகோல வெளியிட்டாரு. உள்ளூர் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்து கட்டடப் பொறியாளர்ங்க எந்த சுவர் நின்னுச்சு, எது விழுந்துச்சுன்னு பாக்க ஆரம்பிச்சு நிறுத்தவே இல்ல. ஊரே விழுந்தாலும் வீட்டு நடுவுல இருந்த சின்ன அறை நிக்குதுன்னு கவனிச்சதுல வந்ததுதான் தரைக்கு மேலயே கட்டற சேஃப் ரூம். ஏழு கிலோ கிட்ட எடையுள்ள மரச்சட்டத்த காத்து பீரங்கில மணிக்கு 100 மைல் வேகத்துல சுவர் மேல சுடறாங்க, தாங்கினா பாஸ். 1998-ல ஃபீமா அந்த டிசைன சாதாரண ஜனங்களுக்கு புத்தகமா இலவசமா குடுத்துச்சு. எஃப் அளவுகோல திருத்தி இஎஃப் அளவுகோல் உருவாக்கினதும் இங்கதான். மியூசியத்துல மத்தியானம் வரைக்கும் சுத்திட்டு, மச்சானுக்கு ஃப்ளைட் இருந்ததால கெளம்பிட்டோம்.

ஏர்போர்ட்ல உக்காந்து என் தொகுதி காங்கிரஸ் ஆபீஸுக்கு லெட்டர் எழுதி முடிச்சேன். மூணே விஷயம் கேட்டிருக்கேன். என்எஸ்எஸ்எல்லுக்கும் அதோட சேந்த பல்கலைக்கழக ஆய்வுகளுக்கும் வருஷா வருஷம் ஊசலாடாத ஒதுக்கீடு. வானிலை ஆபீஸ்கள்ல காலியா இருக்கற ராத்திரி ஷிஃப்ட் வேலைங்கள நிரப்பணும். இப்ப இருக்கற ரேடார் 2035 வாக்குல வரைக்கும் தாங்கற மாதிரி பழுதுபாத்து வச்சிருக்காங்க, அதுக்கப்புறம் என்னங்கறதுக்கு இப்பவே காசு ஒதுக்கணும், போன தடவ 24 வருஷம் ஆச்சுன்னு தேதியோட எழுதியிருக்கேன். அமெரிக்கால இருந்து படிக்கறவங்க உங்க தொகுதி ஆபீஸுக்கும் எழுதுங்க, குடியுரிமை இல்லாட்டியும் அங்க குடியிருக்கறவங்க எழுதலாம். யூனியன் சிட்டி கதைய கட்டாயம் சேத்துக்கோங்க.